ஆளுக்கு ஏற்ற வண்டியா, வண்டிக்கு ஏற்ற ஆளா?



வரி, உரிமம், தராசு முத்திரை, விலை ஏற்ற இறக்கம் என்று எழுதிப் பழகிய நாம் இந்த முறை சைக்கிள் பற்றி எழுதுகிறோம். 'மளிகைக்காரருக்கு சைக்கிள் ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் சிரிக்கக்கூடும். ஒரு காலத்தில் நம் கடைகளிலிருந்து சரக்கு வெளியே போனதும், வசூல் உள்ளே வந்ததும் சைக்கிளின் மேல்தான். ஆனால் அந்த சைக்கிளின் எலும்புக்கூடான பிரேமை யாருடைய அளவுக்குச் செய்கிறார்கள் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் நம் கடைப் பையன்கள். நாமே செய்த தவறு ஒன்றைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரு டின் எண்ணெய்

1985ஆம் ஆண்டு. நமது மொத்தக் கடையில் மூன்று சைக்கிள்கள் இருந்தன. மூன்றும் 24 அங்குல பிரேம், கறுப்பு நிறம், கம்பி பிரேக். நமது தகப்பனார் வாங்கிப் போட்டவை. அவர் ஆறடிக்குச் சற்றே குறைந்த உயரம். கடைக்காரர் தமக்கு ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று மூன்றையும் ஒரே அளவில் வாங்கிவிட்டார். அதில் சரக்கு கொண்டு போனது யார்? தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுத் தம்பி. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் இருக்கும். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டித்தான் மிதிப்பார். சின்னப் பிள்ளைகள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவார்களே, அதைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் பிளாட்பாரமோ படிக்கட்டோ பார்த்துத்தான் நிறுத்துவார். "அண்ணாச்சி, வண்டி கொஞ்சம் பெரிசா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னார். "ஓட்ட ஓட்டப் பழகிடும் தம்பி" என்றோம்.

தீபாவளிக்கு முந்தின வாரம். கேரியரில் 25 கிலோ சிப்பம், அதன் மேல் 15 கிலோ எண்ணெய் டின், ஹேண்டில் பாரில் இரண்டு பை. முக்கில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் தரை இல்லை. எண்ணெய் ரோட்டில் ஓடியது. இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுச் செலவை நாம் கொடுத்தோம். எண்ணெய் டின் விலையை நான்கு வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டோம். அன்றைக்கு அது நமக்கு நியாயமாகத்தான் பட்டது. எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம்.

அந்தத் தம்பி இன்று சொந்தமாக சில்லறைக் கடை வைத்திருக்கிறார். நம்மிடமே சரக்கு எடுக்கிறார். மூட்டையைத் தூக்கும்போது இடது கையை மட்டும் ஒரு மாதிரி திருப்பிப் பிடிப்பார். பல ஆண்டுகள் பார்த்தும் அது ஏன் என்று நமக்குத் தோன்றவில்லை.

லண்டனில் பார்த்தது

2023இல் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்க லண்டன் போயிருந்தோம். மருமகன் தினமும் காலையில் ஒரு சின்ன சைக்கிளை மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார். சக்கரம் 16 அங்குலம்தான். மூன்று மடிப்பில் ஒரு பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிராம்ப்டன் என்று பெயர். விளையாட்டுச் சாமான் போல இருக்கிறதே என்று நினைத்தோம். மருமகனும் ஓட்டினார், அவரை விட ஒரு சாண் குட்டையான மகளும் அதே வண்டியை ஓட்டினாள். சீட் கம்பியை ஏற்றி இறக்கினால் போதும்; குறுக்கே பார் இல்லாததால் நிற்கும்போது இருவர் காலும் தரையில் நன்றாகப் பதிந்தது. அப்போதுதான் 1985ஆம் ஆண்டு நம் மனதில் உறைத்தது.

அந்த வண்டி பிறந்த கதையை மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டிய கதை. ஆண்ட்ரூ ரிட்சி என்ற பொறியாளர் 1975 வாக்கில் தமது குடியிருப்பு அறையிலேயே அதைச் செய்யத் தொடங்கினார். ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கு வைத்தார். பெரிய கம்பெனிகளிடம் உரிமையைக் கொடுக்க முயன்றார், யாரும் எடுக்கவில்லை. பிறகு முப்பது பேரைப் பிடித்து, ஆளுக்கு 250 பவுண்டு முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தில் ஐம்பது வண்டி செய்தார். முப்பது முன்பணக்காரர்களுக்கு, மீதி இருபது விற்பனைக்கு. நடுவில் தயாரிப்பு நின்றும் போனது. ஒலிக்கருவிக் கம்பெனி நடத்திய ஜூலியன் வெரேக்கர் என்ற வாடிக்கையாளர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றதால், 1980களின் பிற்பகுதியில் மீண்டும் எழுந்தது. சரக்கைப் பார்க்கும் முன்பே ஆளை நம்பி முப்பது பேர் பணம் கொடுத்தார்கள். இது நமக்குப் புதிதா? நம் தொழிலே அந்த நம்பிக்கையில் நடப்பதுதானே!

இன்னொன்றும் மருமகன் காட்டினார். வண்டியைக் கவிழ்த்து, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து முத்திரை இருப்பதைக் காட்டினார். பற்றவைத்த தொழிலாளி தம் அடையாளத்தை அதில் பதிக்கிறார். பின்னால் குறை வந்தால் யார் கை என்று தெரியும். குறை வராவிட்டாலும் யார் கை என்று தெரியும். கூலிக்கு வேலை செய்தவருக்கு இதைவிட மரியாதை என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1992 முதல் 'பைக் ஃபிரைடே' என்ற பெயரில் மடக்கு சைக்கிள் செய்கிறார்கள். ஆலன், ஹேன்ஸ் ஷோல்ஸ் என்ற அண்ணன் தம்பி தொடங்கியது. வாங்குகிறவரின் உயரம், கால் நீளம், எடை, எதற்காக ஓட்டப் போகிறார் என்பதையெல்லாம் கேட்ட பிறகே பிரேமைச் செய்கிறார்கள். குடோன் நிறையச் செய்து வைத்துவிட்டு ஆள் தேடுவதில்லை. முடங்கிய இருப்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அந்தத் தலைவலி அவர்களுக்குக் குறைவு.

பிரேம் எப்படிப் பிறக்கிறது?

சைக்கிள் பிரேம் என்பது குழாய்களால் ஆன கட்டு. முன்பக்கம் நான்கு குழாய்: ஹேண்டில் நுழையும் முன்குழாய், மேலே பார், கீழே சாய்வாக வரும் கீழ்க்குழாய், சீட் நிற்கும் சீட் குழாய். பின்சக்கரத்தைப் பிடிக்க நான்கு மெல்லிய குழாய். 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்த பின், சில ஆண்டுகளில் இந்த வடிவம் நிலைத்துவிட்டது. நம் ஊர் வண்டிக்கும் அதுதான் பாட்டன்.

24 அங்குல வண்டி, 22 அங்குல வண்டி என்று நாம் சொல்வது சக்கரத்தின் அளவு அல்ல. பெடல் அச்சிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை உள்ள நீளம். 1986, 1989, 1990 ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும்.

நம் தம்பிக்குப் போட்டுப் பார்ப்போம். அவர் உயரத்துக்குக் கால் அளவு சுமார் 75 சென்டிமீட்டர் இருக்கும். 0.883ஆல் பெருக்கினால் 66. 24 அங்குலக் குழாய் 61 சென்டிமீட்டர். அதன் மேல் ஸ்பிரிங் சீட் 10. மொத்தம் 71. ஐந்து சென்டிமீட்டர் எட்டவில்லை. இது மிதிப்பதற்கு. நிற்பதற்கு இன்னும் மோசம். பெடல் அச்சே தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் பாரின் உயரம் 90ஐத் தொடும். 75 சென்டிமீட்டர் காலை வைத்துக்கொண்டு 90 சென்டிமீட்டர் பாருக்கு மேல் ஒருவர் எப்படி நிற்பது? 22 அங்குல வண்டியானால் மிதிக்கச் சரியாக இருக்கும். நிற்க அதிலும் முடியாது. வெறும் வண்டியில் சாய்ந்து சமாளிக்கலாம். நாற்பது கிலோ ஏற்றிய பிறகு சாய்ந்தால் விழ வேண்டியதுதான். செருப்புக்காகக் காலைச் செதுக்கச் சொன்னோம் நாம்.

அளவெடுத்துச் செய்யும் முறை கடினமானதல்ல, பொறுமை வேண்டும். முதலில் ஆளை அளந்து, முழு அளவில் தாளில் வரைய வேண்டும். குழாய்களை வெட்டி, ஒரு குழாய் மற்றதன் மேல் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி நுனியை மீன்வாய் போல் ராவ வேண்டும். அந்த வாய் சரியாகப் பொருந்தாமல் வெல்டிங்கால் ஓட்டையை நிரப்பினால் பின்னால் விரிசல் விடும். பிறகு ஜிக் என்னும் பிடிமேசையில் எல்லாவற்றையும் கோட்டமில்லாமல் பூட்டி, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, அளந்து பார்த்து, அதன் பின்பே முழுதாகப் பற்றவைப்பது. பித்தளை உருகச் சுமார் 900 டிகிரி சூடு போதும். இரும்பு உருகச் சுமார் 1500 வேண்டும். ஆகவே பித்தளைப் பற்றவைப்பில் குழாய் உருகாமல் ஒட்டு மட்டும் ஓடிப் பிடிக்கிறது. மெல்லிய குழாய்க்கு அதுதான் நல்லது.

மடக்கு சைக்கிளில் நான்கு குழாய்க் கட்டுக்குப் பதில் ஒரே தடித்த குழாய் இருப்பதற்கும் காரணம் உண்டு. அதே எடை இரும்பை இரண்டு மடங்கு விட்டமும் பாதிக் கனமும் உள்ள குழாயாகச் செய்தால், வளையாமல் நிற்கும் வலு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. அதனால் பாரை எடுத்துவிட்டாலும் வண்டி தாங்குகிறது. இதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

மளிகைக்கென்றே ஒரு வண்டி

இங்கிலாந்தில் மளிகைக்காரருக்கும் கசாப்புக்காரருக்கும் ரொட்டிக்காரருக்கும் என்று தனி சைக்கிள் இருந்தது. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. சின்னச் சக்கரத்துக்கு மேல் பெரிய கூடை. அந்தக் கூடைத் தாங்கியை ஹேண்டிலில் கட்டாமல் பிரேமிலேயே பொருத்தினார்கள். சுமை தாழ்வாக இருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் சுமை கூடவே திரும்பாது. ஓட்டுபவர் கண் முன்னால் சரக்கு இருக்கும். பாருக்குக் கீழே தகடு அடித்துக் கடைப் பெயரை எழுதியிருப்பார்கள். விளம்பரமும் ஆயிற்று, கடையின் மானமும் ஆயிற்று.

நம் நாட்டில் சைக்கிள் தொழிலுக்குக் குறைவில்லை. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. லூதியானா நகரமே சைக்கிளால் வாழ்கிறது. ஆனால் ஆலை என்பது ஆயிரம் பேருக்கு ஒரே அளவில் செய்வது. நம் கடையின் ஒரு தம்பிக்காக அது அச்சை மாற்றாது. அதைச் செய்யக்கூடியவர் நம் ஊர்ப் பட்டறைக்காரர். மூன்று சக்கர வண்டி கட்டிக் கொடுக்கிறவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டியை மாற்றி அமைக்கிறவர், அவருக்கு இது முடியாதா?

செய்து பார்த்தோம்

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய பேரேட்டில் இருந்த எண்ணெய் டின் கணக்கைச் சொல்லி, பணத்தை நீட்டினோம். அவர் சிரித்தார். "அது எப்பவோ நடந்தது அண்ணாச்சி. அந்தக் காசுல இப்ப உங்க கடையில இருக்கிற பயலுக்கு எட்டுற மாதிரி ஒரு வண்டி செஞ்சு குடுங்க" என்றார்.

செய்தோம். பட்டறைக்காரரிடம் படம் போட்டுக் கொடுத்தோம். முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 26. தாழ்வான ஒரே தடித்த குழாய், நீளமான சீட் கம்பி, பிரேமோடு சேர்ந்த முன்தாங்கி. முதல் பிரேம் இரண்டே மாதத்தில் முன்குழாய்க்குக் கீழே விரிசல் விட்டது. நல்ல வேளையாகச் சத்தம் கேட்டுப் பையன் இறங்கிவிட்டார். அவசரப்படுத்திய குற்றம் நம்முடையது. மீன்வாய் சரியாக ராவாமல் வெல்டிங்கால் நிரப்பியிருந்தார்கள். இரண்டாவதில் குழாயின் விட்டத்தைக் கூட்டி, மூலையில் தகடு கொடுத்து, பித்தளையில் பற்றவைத்தோம். ஓட்டக் கொடுக்கும் முன், வழக்கமாக ஏற்றும் சுமைக்கு ஒன்றரை மடங்கு மணல் மூட்டை ஏற்றி, பட்டறைக்காரரே மேடு பள்ளத்தில் ஓட்டிக் காட்டினார். பிரேக்கையும் சுமையோடுதான் சோதித்தோம். ஓர் ஆண்டுக்கு மேல் ஓடுகிறது. முதல் பிரேமின் நட்டத்தை விட்டுப் பார்த்தால் வண்டி பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது.

குறை இல்லையா என்றால் உண்டு. சின்னச் சக்கரம் குழியில் அதிகம் இறங்கும். டயரும் சீக்கிரம் தேயும். 1962இல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கர சைக்கிள் கொண்டுவந்தபோது, இந்தக் குலுக்கலுக்காகவே ரப்பர் ஸ்பிரிங் வைத்தார். நாம் பருமனான டயர் போட்டுச் சமாளித்தோம். மடக்கும் கீலை நடுக்குழாயில் வைக்கலாமா என்றும் யோசித்தோம். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சுமை தாங்கும் இடத்தில் கீல் வைத்தால் கொஞ்சம் தேய்ந்தாலும் வண்டி முழுதும் ஆடும். கீலைத் துல்லியமாகக் கடைய நம் பட்டறையில் வசதி இல்லை. ஹேண்டிலும் முன்தாங்கியும் மட்டும் மடங்கினாலே, ராத்திரி ஷட்டருக்கு உள்ளே சுவரோரம் நின்றுவிடுகிறது. ஆறடி அகலக் கடைக்கு அது போதும்.

'மொபெட் இருக்கும்போது இது எதற்கு?' என்பார்கள். தூரத்துக்கு மொபெட்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பட்டுவாடாவில் பெரும்பகுதி நாலு தெருவுக்குள். அதற்கு பெட்ரோல், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கட்டி வருமா? கைபேசியில் தட்டினால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சரக்கு என்று பெரிய பண முதலைகள் இறங்கியிருக்கிற காலம் இது. தள்ளுபடியில் அவர்களோடு போட்டி போட நம்மால் ஆகாது. நாலு தெருவுக்குள் பொறுப்பாகக் கொண்டு சேர்ப்பதில் நாம் தோற்க வேண்டியதில்லை. அதற்கு வண்டி ஆளுக்குப் பொருந்த வேண்டும். ஆள் கடையில் நிலைக்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒருவர் ஒரு வண்டி செய்தால் ஜிக் செலவே சுமை. முப்பது பேர் சேர்ந்தால் அது ஆளுக்குச் சொற்பம். லண்டனில் முப்பது பேர் செய்ததை நம் சங்கம் செய்ய முடியாதா? நமது யோசனை இதுதான். விருப்பமுள்ள உறுப்பினர்கள் ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் முன்பணத்தைச் சங்கக் கணக்கில் கட்டட்டும். பட்டறைக்கு முதலில் குழாய்க்கும் ஜிக்குக்கும் மட்டும் பணம் கொடுப்போம். மீதியை மணல் மூட்டைச் சோதனையில் தேறிய பிறகு, வண்டி வண்டியாகக் கொடுப்போம். முதலாளியை அளக்காமல், ஓட்டப் போகிறவரை அளப்போம். பற்றவைத்தவரின் முத்திரை பிரேமில் இருக்கட்டும். கடைப் பெயர் தகட்டில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதும் நமக்குச் சாதகமே.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். முதல் முன்பணம் நம்முடையது. இரண்டாவது முன்பணத்தைக் கட்டுவதாக நம்மிடம் சொல்லியிருப்பவர், மணிக்கட்டு முறிந்த அந்தத் தம்பிதான்.

அதுவரை வணிகப் பெருமக்கள் ஒரு வேலை மட்டும் செய்தால் போதும். நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் கடைப் பையனை அவர் ஓட்டும் சைக்கிள் மேல் நின்று காட்டச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். பதியவில்லை என்றால், ஒரு டின் எண்ணெய் என்றைக்காவது ரோட்டில் ஓடும். அதன் விலையை யார் கணக்கில் எழுதுவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.